கிழவித்தீவின் கடன் கொப்பி

நோர்வேயின் பூடோ நகரிலிருந்து வடக்கே போகும் 834ஆம் இலக்க வீதி, ஃபெஸ்ட்வோக் என்னும் இடத்தில் கடலோடு முடிந்துவிடுகிறது. வாகனங்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. எதிரே மிஸ்டன். இடையில் பத்து நிமிடக் கடல். முன்வாயைத் திறந்தபடி வந்து கரையைத் தொட்ட படகைப் பார்த்ததும் அண்ணா, "பாதை வந்துவிட்டது" என்றார். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றுதான் சொல்வார்கள். நோர்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட அண்ணாவின் வாயில் அந்தச் சொல் இன்னும் அப்படியே இருக்கிறது.

நாங்கள் போனது ஷெரிங்கொய் என்ற சிற்றூருக்கு. பூடோவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வடதுருவ வட்டத்தைத் தாண்டியாகிவிட்டது. ஜூன் முதல் வாரம் என்பதால் இரவு என்ற ஒன்று ஏறக்குறைய இல்லை. முதல்நாள்தான் லோஃபோட்டன் தீவுகளின் தென்கோடியில் மோஸ்கனஸ் துறையிலிருந்து கப்பலேறி, வெஸ்ட்ஃபியோர்டைக் கடந்து பூடோவில் இறங்கியிருந்தோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தத் திறந்த கடல். பெரிய கப்பல், அமைதியான நாள், ஆனாலும் நடுக்கடலில் நீண்ட அலை வந்து ஏந்தியபோது மேசையிலிருந்த காப்பிக் குவளை நகர்ந்தது. இதே கடலைத் தை மாதக் குளிரில், திறந்த படகில், ஒற்றைப் பாயை நம்பிக் கடந்தவர்களை நினைத்துக்கொண்டேதான் கரை சேர்ந்தேன்.

ஷெரிங்கொய் என்ற பெயரைத் தமிழாக்கினால் 'கிழவித்தீவு' என்று வரும். உண்மையில் அது தீவு இல்லை, பெருநிலத்தோடு ஒட்டிய முனைதான். ஆனால் முதுகுப்புறம் முழுவதும் செங்குத்தான மலைகள் எழுந்து நிற்பதால், கடல்வழியாக வருவதுதான் இயல்பான வழி. வந்து பார்த்தால் ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிதறிக் கிடக்கும் சில நூறு பேரின் வீடுகள், 1883இல் கட்டிய மரத் தேவாலயம், புல்வெளி, வெண்மணல் கடற்கரை, அப்பால் ஸ்ட்ரான்டோ மலையின் கூர்மையான முகம். அந்த முனையில், சிறுதீவுகள் காவல் நிற்கும் ஒரு குடாவின் கரையில், பதினைந்து பழைய மரக் கட்டடங்கள் கட்டப்பட்ட இடத்திலேயே நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் வடநோர்வேயின் மிகச் செழிப்பான வணிகத் தளங்களுள் ஒன்றாக இருந்தது இதுதான். இப்போது அருங்காட்சியகம்.

இங்கே ஏன் ஒரு வணிகத் தளம் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள வரைபடத்தில் தரையை மறந்துவிட்டுக் கடலை மட்டும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் வீதி என்றால் அது கடல்தான். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே போகும் கப்பல் பாதை இந்த வழியாகப் போகிறது. மேற்கே, வெஸ்ட்ஃபியோர்டின் மறுகரையில், லோஃபோட்டன். புயல் வந்தால் ஒதுங்க நல்ல துறை. வணிகத் தளம் நடத்த அரசின் உரிமம் பெற்றவர், பயணிகளுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆகவே அது கடை, விடுதி, துறைமுகம், சாராயக்கடை, செய்தி நிலையம், வங்கி எல்லாம் ஒன்றுசேர்ந்த இடம். வங்கி என்பதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குமுன் மீனைப் பற்றிச் சொல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் பனிக்காலத்தில் பேரன்ட்ஸ் கடலிலிருந்து முதிர்ந்த கொட் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக லோஃபோட்டனுக்கு இறங்கி வருகின்றன. நோர்வேக்காரர்கள் இந்த வலசை மீனுக்கு ஸ்க்ரை என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை பிடிப்பு. பிடித்த மீனின் தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கயிறு கட்டி, மரச் சட்டங்களில் காற்றில் தொங்கவிடுகிறார்கள். உப்பு ஒரு கல் கூடப் போடுவதில்லை. கருவாடு என்றாலே உப்பு என்று வளர்ந்த எனக்கு இது முதலில் நம்ப முடியாததாக இருந்தது. அண்ணாதான் விளக்கினார். இங்கே பனிக்காலக் குளிர் பூச்சியம் பாகையைச் சுற்றியே நிற்கும். அதற்கு மேலே போனால் மீன் அழுகும், ஈ மொய்க்கும். மிகக் கீழே போனால் சதைக்குள் நீர் உறைந்து நார் உடைந்துபோகும். தென்மேற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் இந்தக் கரை இவ்வளவு வடக்கே இருந்தும் அந்த நடுநிலையில் நிற்கிறது. பெப்ரவரியிலிருந்து மே வரை காற்று அதன் வேலையைச் செய்யும். ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுருங்கும். அப்படிச் சுருங்கியது ஆண்டுக்கணக்கில் கெடாது.

மோஸ்கனஸுக்குப் பக்கத்துக் கரையில் நாங்கள் பார்த்தபோது பெரும்பாலான மீனை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு சட்டத்தில் தலைகள் மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அந்தத் தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன, அங்கே குழம்புக்கு அதுதான் ருசி. நல்ல உடல்கள் இத்தாலிக்கு. இறக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, தட்டி, முகர்ந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து இருபதுக்குக் குறையாத தரங்களாகப் பிரிக்கும் ஆள் ஒருவர் இருப்பார். அது இன்றும் கண்ணும் கையும் மூக்கும் செய்யும் வேலை. அண்ணா கிடந்த மீன் ஒன்றை எடுத்து விரலால் தட்டினார். காய்ந்த பலகையைத் தட்டியது போன்ற ஒலி. "உள்ளே ஈரமிருந்தால் ஒலி மந்தமாக இருக்கும்" என்றார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் அவரோடு வேலை செய்த ஒரு முதியவர்.

இந்தப் பலகை மீன்தான் வடநோர்வேயின் பணம். வயலில் தானியம் போதிய அளவு விளையாத நாடு அது. ரொட்டிக்கு மா வேண்டும், தூண்டிலுக்கு நூல் வேண்டும், இரும்பு, சணல், புகையிலை, காப்பி, சீனி எல்லாம் தெற்கிலிருந்து வர வேண்டும். தெற்கு என்றால் பேர்கன் துறைமுக நகரம். 14ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே ஜெர்மானிய ஹன்சா வணிகர்கள் கோட்டை கட்டியது போல அமர்ந்திருந்தார்கள். 1754 வரை அந்தத் தளம் நீடித்தது. அவர்கள் போனபின் நோர்வே வணிகர்கள் அதே இடத்தில் அதே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். பால்டிக் கரையின் ரை என்ற தானியம் வடக்கே போகும், காய்ந்த மீன் தெற்கே வரும்.

அதை ஏற்றிப் போன கப்பலுக்கு யெக்ட் என்று பெயர். பலகைமேல் பலகை ஏற்றி அறைந்த அகன்ற மரக்கலம், நடுவில் ஒரே பாய்மரம், ஒரே பெரிய சதுரப் பாய், பின்னால் உயர்ந்து நிற்கும் அறை. மீன் கனமில்லாதது, ஆனால் இடத்தை அடைக்கும். ஆகவே தளத்துக்கு மேலும் பல அடி உயரத்துக்கு வைக்கோற்போர் போல அடுக்குவார்கள். முன்னால் என்ன வருகிறது என்று சுக்கான் பிடிப்பவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். கோடையில் இரண்டு பயணம். காற்று ஒத்துழைத்தால் சில வாரங்கள், ஒத்துழைக்காவிட்டால் அதற்கு மேலும். பூடோவில் 2019இல் திறந்த யெக்ட் அருங்காட்சியகத்தில் 1876இல் கட்டப்பட்ட 'அன்னா கரோலினே' என்ற கலம் முழுதாக நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, காற்றில் உலர்ந்த மீன் எப்படி ஒரு நாட்டின் நரம்பாக இருந்தது என்பது எனக்குப் புத்தகத்தைவிட நன்றாக விளங்கியது.

ஷெரிங்கொய்யின் யெக்ட்டுகளும் அப்படித்தான் போய் வந்தன. போகும்போது மீன், வரும்போது மா. வந்த மா எங்கே இறங்கியது என்றால் இந்தக் கடையில்.

கடைக்குள் நுழைந்ததும் கண் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. தாழ்ந்த கூரை, சிறிய யன்னல், சுவர் முழுக்கத் தட்டுகள், சின்னச் சின்ன இழுப்பறைகள். பழைய மர வாசமும் எங்கோ மிச்சமிருக்கும் தார் வாசமும். குறுக்கே நீண்ட மேசை. வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் அதன் விளிம்பு கை பட்டுப் பட்டு மழுங்கி, எண்ணெய் பூசியது போலக் கறுத்திருந்தது. கடைக்காரர் நிற்கும் பக்கத்து விளிம்பில் அவ்வளவு தேய்வு இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. அண்ணா இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றார்.

இந்த மேசையில் காசு அதிகம் புழங்கவில்லை. மீனவன் ஜனவரியில் லோஃபோட்டனுக்குப் புறப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு மா, வெண்ணெய், தூண்டில், கயிறு, எண்ணெய்த்துணி, வீட்டில் விட்டுப்போகும் மனைவி மக்களுக்கும் ஏதாவது. கையில் ஒன்றுமில்லை. கடைக்கு வருகிறான். வணிகர் எல்லாவற்றையும் தருகிறார், ஏட்டில் எழுதுகிறார். ஏப்ரலில் திரும்பும்போது மீன் இருந்தால் அது வணிகருக்கு. மீனுக்கு என்ன விலை என்பதை வணிகர் சொல்வார். மாவுக்கு என்ன விலை என்பதையும் அவரே சொல்வார். மீன் ஏமாற்றிய ஆண்டில் கடன் அடுத்த ஆண்டுக்குப் போகும். கடன் இருக்கும்வரை வேறொருவருக்கு மீன் விற்க முடியாது. அதே வணிகரும் பேர்கனில் ஒரு பெரிய வணிகருக்குக் கடன்பட்டவர். அந்தப் பேர்கன் வணிகர் வெளிநாட்டுச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். மேலிருந்து கீழ்வரை ஒரே கயிறு, அடியில் தொங்குபவன்மேல் முழுப் பாரம்.

நிறுப்பதற்கு அந்நாட்களில் பயன்பட்டது பிஸ்மர் என்ற கோல். ஒரு நுனியில் குண்டு, மறுநுனியில் கொக்கி, நடுவில் பிடியை நகர்த்தி நகர்த்தி எடை பார்ப்பது. நம்முடைய பழைய வெள்ளிக்கோலேதான். பிடியை அரை விரல் நகர்த்தினால் எடை மாறும், பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாது. காய்ந்த மீனை 'வோக்' கணக்கில் நிறுத்தார்கள். ஒரு வோக் ஏறத்தாழ 18 கிலோ.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். பஞ்ச ஆண்டில் இந்தக் கடை இல்லாவிட்டால் அந்தக் கரையில் பல குடும்பங்கள் பனிக்காலத்தைத் தாண்டியிருக்காது. கடனைத் திருப்பித் தர வழியே இல்லை என்று தெரிந்த வீட்டுக்கும் மா கொடுத்த வணிகர்கள் இருந்தார்கள். மீனவன் செத்தால் கடனும் சாகும், தொழிலும் சாகும் என்ற கணக்கும் அதில் உண்டு, இரக்கமும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. அப்பாவுக்குக் கடன் கொடுத்த சம்மாட்டியின், எங்கள் ஊர் மீன்பிடி முதலாளியின், முகம் நினைவுக்கு வரும்போதும் என்னால் முடிவதில்லை. அவரைத் திட்டிக்கொண்டே அம்மா அவர் வீட்டுக் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ப் பலகாரம் சுட்டாள்.

இந்தத் தளத்தின் கதையில் எனக்குப் பிடித்தவர் ஒரு பெண். அன்னா எலிசபெத், இங்கே வியாபாரத்தைக் கட்டி எழுப்பிய கிறிஸ்டன் ஸ்வெர்ட்ரூப்பின் மகள். அடுத்து இந்த இடத்தை நடத்திய யென்ஸ் நிக்கோலாய் எல்லிங்சனின் மனைவி. கணவர் இறந்தபின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1859இல், தம் கடையில் ஊழியராக இருந்த, வயதில் தம்மைவிட இளையவரான எராஸ்முஸ் ஸால் என்பவரை மணந்துகொண்டார். ஊர் என்னென்ன பேசியிருக்கும் என்பதை ஊகிக்க நாம் நோர்வேக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தந்தை, முதற்கணவர், இரண்டாம் கணவர் என்று மூன்று ஆண்களின் பெயரால் சொல்லப்படும் இந்த வரலாற்றில், மூன்று காலத்திலும் இந்த வீட்டுக்குள் இருந்தவர் அவர் ஒருவர்தான். சமையற்கட்டில் எத்தனை பேருக்கு ரொட்டி சுட வேண்டும், எந்த வேலையாளுக்கு எந்தப் படுக்கை, எந்த விருந்தினருக்கு எந்த அறை, எல்லாம் அவர் தலைக்குள். விருந்தறையின் மெல்லிய நாற்காலிகளையும் வேலையாள்கள் கூடத்தின் கரடான வாங்குகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இந்த முற்றத்துக்குள் எத்தனை உலகங்கள் இருந்தன என்பது தெரியும். எல்லாவற்றின் திறப்புக்கொத்தும் ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்தது.

அவர் 1879இல் இறந்தார். அதே ஆண்டுதான் எராஸ்முஸ் ஸாலுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் இருபது வயதுக்காரன். ஹமரொய் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்து, கடைச் சிப்பந்தியாகவும் நடைவியாபாரியாகவும் செருப்புத் தைப்பவரிடம் பழகுநனாகவும் அலைந்தவன். தான் எழுத்தாளன் ஆகப்போவதாகவும், அதற்குப் பணம் வேண்டும் என்றும் எழுதியிருந்தான். ஸால் ஆயிரம் குரோனருக்கு மேற்பட்ட தொகையைக் கொடுத்தார். அன்றைக்கு அது ஒரு செல்வம். அந்தப் பணத்தில் எழுதிய கையெழுத்துப் பிரதியோடு இளைஞன் கோபன்ஹேகன் போனான். பதிப்பாளர் மறுத்துவிட்டார். கடன் கொடுத்தவரின் பார்வையில் முதல் போட்ட மீன்பிடி வெறுங்கையோடு திரும்பிவிட்டது.

அந்த இளைஞன் க்னுட் ஹாம்சுன். 1920இல் நொபெல் பரிசு பெற்றார். அவருடைய நாவல்களில் வரும் மாக் என்ற சர்வ வல்லமை படைத்த வணிகரின் முகத்தில் ஷெரிங்கொய்யின் ஸாலைப் பார்ப்பவர்கள் பலர். முதுமையில் அவர் நாஜிகளை ஆதரித்ததும், தம் நொபெல் பதக்கத்தைக் கோயபல்ஸுக்கே அனுப்பியதும் நோர்வேக்காரர்களின் தொண்டையில் இன்றும் சிக்கியிருக்கும் முள். எனக்கு அவருடைய கதையில் ஒன்று மட்டும் விடாமல் உறுத்துகிறது. அவரும் இந்தக் கடையின் கடனாளிகளுள் ஒருவர்தான். தூண்டிலும் நூலும் வாங்கிப் போன நூற்றுக்கணக்கானோரின் பெயர் நமக்குத் தெரியாது. காகிதமும் மையும் வாங்கக் கடன் பெற்ற ஒருவனின் பெயர் தெரிகிறது. அவன் வணிகரைப் பற்றி எழுதினான், அதனால் வணிகரின் பெயரும் தெரிகிறது. ஸால் 1900இல் காலமானார்.

அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. 1893 ஜூலையில் திரொன்ட்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பல் கால அட்டவணை வைத்து ஓடத் தொடங்கியது. காற்றுக்குக் காத்திருக்கும் யெக்ட்டுக்கு அதோடு போட்டி போட முடியவில்லை. 1816இல் நகரமாக அறிவிக்கப்பட்ட பூடோ வளர்ந்தது. பிறகு மோட்டார்ப் படகு வந்தது, வியாபாரம் நகரத்துக்குப் போனது. 1964இல் ஷெரிங்கொய் தன் தனி நகராட்சியையும் இழந்து பக்கத்துப் போடின் நகராட்சியோடு சேர்ந்தது, 1968இல் போடினும் பூடோவோடு சேர்ந்தது. செழித்த இடம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஓய்ந்ததால்தான் கட்டடங்கள் தப்பின. பூடோ 1940 மே 27 அன்று ஜெர்மானிய விமானங்களின் குண்டுகளில் எரிந்தது. அங்கே பழைய மரவீடு என்று காட்ட அதிகம் மிச்சமில்லை.

வழிகாட்டியாக வந்த இளம்பெண் பிற பயணிகளை விருந்தறைக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பியபோதும் அண்ணா கடை மேசையை விட்டு நகரவில்லை. கடன் தீர்ந்தால் ஏட்டில் அதை எப்படிக் குறிப்பார்கள் என்று கேட்டார். குறுக்கே ஒரு கோடு போடுவார்கள், ஆனால் பல கணக்குகளுக்கு அந்தக் கோடு வருவதே இல்லை, மிச்சம் அடுத்த ஏட்டின் முதல் வரியாகிவிடும் என்றாள். அண்ணா தலையசைத்தார். பிறகு அவளிடம் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அதை அவர் யாரைக் கண்டாலும் பேசுவார். அதில் அவருக்கு அலுப்பே இல்லை.

நானும் அதை எழுதாமல் விட மாட்டேன். 1938இல் நோர்வேயில் பச்சை மீன் சட்டம் வந்தது. கரையில் இறங்கும் மீனின் முதல் விற்பனை மீனவர்களே நடத்தும் விற்பனைச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும், குறைந்தபட்ச விலையை அந்தச் சங்கமே நிர்ணயிக்கும். அதே ஆண்டு வடக்கே 'நோர்கஸ் ரோஃபிஸ்க்லாக்' என்ற சங்கம் எழுந்தது. இன்றும் அது இருக்கிறது. மீனுக்கு என்ன விலை என்று மேசையின் அந்தப் பக்கத்தில் நின்றவர் சொல்லிவந்த காலம் அதோடு முடிந்தது. இந்த நாட்டின் செல்வத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1969இல் கிடைத்த எண்ணெயிலிருந்தே தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முப்பது ஆண்டு முன்னால், ஒரு மீனவன் கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல் தன் மீனின் விலையைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து தொடங்குவேன்.

அண்ணா 1987இல் இங்கே வந்தார். அந்த ஆண்டுகளில் வந்த பல தமிழ் இளைஞர்களைப் போலவே ஃபின்மார்க்கின் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தெற்கு நோர்வேக்காரர்களே வரத் தயங்கிய கரையோர ஊர்கள் அவை. இரண்டு மாதம் சூரியன் எழாத இருட்டில், ரப்பர்ச் செருப்பும் வெள்ளை மேலங்கியும் போட்டுக்கொண்டு, கத்தியால் முள் நீக்கிச் சதையைத் துண்டு போடும் வேலை. தமிழர் வராமலிருந்தால் சில தொழிற்சாலைகளின் வரிசைகள் ஓடியிருக்காது. பின்னர் பிள்ளைகளின் படிப்பு, கோயில், உறவு என்று பலரும் ஒஸ்லோவுக்கு நகர்ந்தார்கள். அண்ணாவும் நகர்ந்தார். இதற்கெல்லாம் முன்பே, 1956இல் குருநகரிலிருந்து நோர்வே வந்த அந்தோனி இராஜேந்திரம் இங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, நோர்வேக்காரர்களின் துணையோடு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப்போய் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். சிறுவயதில் எங்கள் வாயில் நோர்வே என்ற பெயர் முதலில் வந்தது ஒரு படகின் பெயராகத்தான்.

மாலை என்று கடிகாரம் சொன்ன நேரத்தில் குடாவின் ஓரம் கல்லில் உட்கார்ந்தோம். சூரியன் மேற்கே லோஃபோட்டன் மலைகளின் பல்வரிசைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. அங்கேதான் அண்ணா சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எனக்குச் சொல்லாத ஒன்று. ஃபின்மார்க்கில் வாங்கிய முதல் மூன்று மாதச் சம்பளத்தில் சாப்பாட்டுக்கு எடுத்ததுபோக மிச்சம் முழுவதையும் ஒருவர் மூலமாகச் சம்மாட்டிக்கு அனுப்பினாராம். வடகடலில் தொழில் செய்ய முடியாதபடி தடைகள் வந்து, வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்த காலம். அப்பாவின் கணக்கு நான்கைந்து ஆண்டுகளாக ஒரு கொப்பியிலிருந்து அடுத்த கொப்பிக்கு மாறிக்கொண்டே இருந்தது. "பணம் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் அப்பா எழுதினார். வேறு ஒன்றும் எழுதவில்லை. கோபமோ என்று நினைத்தேன்" என்றார்.

அண்ணாவுக்குத் தெரியாததை நான் அப்போது சொன்னேன். அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன்.

சம்மாட்டி ஆளனுப்பவில்லை, தாமே சைக்கிளில் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். கொப்பியைத் திறந்து எங்கள் கணக்கிருந்த பக்கங்களை நூலோடு மெல்லப் பிரித்தெடுத்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். அப்பா அதைக் கிழிக்கவில்லை. இரவு சாப்பாடு முடிந்தபின் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். நூல் இரண்டு கட்டை. மண்ணெண்ணெய். அரிசி அரைப் புசல். அம்மா அடுப்படியிலிருந்தபடியே ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னாள். அது பெரியவளுக்கு அம்மை போட்ட கிழமை. அது வள்ளத்தில் ஓட்டை விழுந்த முறை. அது தீபாவளி, நீங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாங்கினீர்கள். இடையில் ஒரு திகதிக்கு இருவருக்குமே நினைவு வரவில்லை, அதில் சற்று நேரம் நின்றார்கள். ஒரு வரியில் 'சின்னவனுக்குக் கொப்பி 1, பென்சில் 1' என்று இருந்தது. அப்பா வாசிப்பை நிறுத்தி, மூலையில் படுத்திருந்த என்னைப் பார்த்து, "அந்தப் பென்சில் எங்கே?" என்று கேட்டார்.

அண்ணா நீண்ட நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"பாதைக்கு நேரமாகிவிட்டது" என்றார்.